சதுரங்க ஆட்டக்காரர் போல வீட்டுப் பணத்தையும் இணைய வருமானத்தையும் நடத்துவது எப்படி

சதுரங்கத்தையும் பணத்தையும் சேர்த்துப் பேசுபவர்கள் வழக்கமாக ராணியைத் தியாகம் செய்வது, பத்து நகர்த்தல் முன்கூட்டியே யோசிப்பது என்று ஆரம்பிப்பார்கள். அதெல்லாம் கிராண்ட்மாஸ்டர்களின் கவலை. சாதாரண ஆட்டக்காரர் தோற்பது பெரும்பாலும் காயைக் காவல் இல்லாமல் விடுவதால், அல்லது அடுத்த நகர்த்தலிலேயே வரும் மிரட்டலைப் பார்க்காததால். மாதச் சம்பளக்காரரின் பணம் கரைவதும் இப்படித்தான். நல்ல முதலீட்டைத் தவறவிட்டதால் நொடித்தவர்களைவிட, ஒரு மோசமான கையெழுத்தால் நொடித்தவர்களே அதிகம் கண்ணில் படுகிறார்கள். ஆகவே இங்கே சொல்லப்போவது பெரிய தப்பைக் குறைக்கும் பழக்கங்களைத்தான்.

கணக்குக்காக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கையில் வரும் சம்பளம் 40,000 ரூபாய். கட்டாயச் செலவு 28,000. கிரெடிட் கார்டில் 60,000 பாக்கி. மாலை நேரத்தில் இணையத்தில் பாடம் நடத்திச் சம்பாதிக்கும் எண்ணமும் உண்டு.

முதலில் ராஜாவுக்குக் கோட்டை

காஸ்லிங் என்பது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் நகர்த்தி ராஜாவைப் பத்திரப்படுத்துவது. அதன் விதி தெரிந்தவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். ராஜாவுக்குச் செக் விழுந்திருக்கும்போது, அதாவது எதிராளியின் காய் ராஜாவை நேரடியாகத் தாக்கும்போது, காஸ்லிங் செய்ய முடியாது. அமைதியாக இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டும். அதனால்தான் முதல் பத்து நகர்த்தலுக்குள் ராஜாவை ஓரத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

காப்பீட்டின் விதியும் ஏறக்குறைய இதே. மருத்துவக் காப்பீடு எடுத்தால் பொதுவாக முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறெதற்கும் பணம் வராது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். சர்க்கரை வந்த பிறகு பாலிசி தேடுவது செக் விழுந்த பிறகு காஸ்லிங் தேடுவது. அலுவலகம் தரும் குழுக் காப்பீட்டை மட்டும் நம்பாதீர்கள். வேலையை விட்ட அன்றே அந்தக் கோட்டை கலைந்துவிடும். உங்கள் சம்பளத்தை நம்பி யாராவது இருந்தால், ஆண்டு வருமானத்தைப் போல 10 முதல் 15 மடங்குக்கு டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) எடுங்கள். நம் எடுத்துக்காட்டில் அது சுமார் 50 முதல் 70 லட்சம். சேமிப்பும் காப்பீடும் கலந்த பாலிசியில் இந்தத் தொகைக்குக் காப்பு எடுக்கப் போனால் பிரீமியம் கட்டி மாளாது.

அடுத்தது கிரெடிட் கார்டு. மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 60,000-க்கு 2,100 ரூபாய். வட்டி மீது 18 சதவீத ஜிஎஸ்டி 378. ஆக மாதம் 2,478 சும்மாவே போகிறது. மாதம் 3,000 மட்டும் கட்டினால் அசலில் குறைவது வெறும் 522. அப்படியே போனால் கடன் தீர 43 மாதத்துக்கு மேல் ஆகும், மொத்தம் 1,29,000 ரூபாய்க்கு மேல் கட்டியிருப்பீர்கள். அதையே மாதம் 9,000 கட்டினால் 8 மாதத்தில், சுமார் 71,600 ரூபாயில் கதை முடியும். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. கடன் தீரும்வரை, நிஜமான அவசரம் தவிர, அந்தக் கார்டைத் தேய்க்கவே கூடாது.

மிச்சமாகும் 12,000-ஐ இப்படிப் பிரிக்கலாம்: கார்டுக்கு 9,000, காப்பீட்டுக்கு 2,000, அவசரச் சேமிப்புக்கு 1,000. அவசரச் சேமிப்புக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கலாம். சேமிப்புக் கணக்கில் கிடைக்கும் வட்டியைவிடக் கார்டு வட்டி பலமடங்கு. மேலும் கார்டில் அடைத்த தொகை அளவுக்கு அதன் வரம்பு மீண்டும் திறக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவு மாதிரி நிஜமான அவசரம் வந்தால் அதுவே தற்காலிக அரண். 8 மாதம் கழித்து மாதம் 10,000 அவசரச் சேமிப்புக்குப் போகும். 6 மாதச் செலவான 1,68,000 சேர மேலும் 16 மாதம். ஆக மொத்தம் 2 ஆண்டு. நீளமாகத்தான் தெரியும். இந்த 2 ஆண்டுக்குள் பங்குச் சந்தைப் பக்கம் போகாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது.

இந்தப் பணத்தைச் சேமிப்புக் கணக்கிலும் சிறு சிறு எஃப்டிகளிலுமாக (நிரந்தர வைப்புகளாக) வையுங்கள். ஒரே எஃப்டியாகப் போட்டால் 20,000 தேவைப்படும்போது மொத்தத்தையும் உடைக்க வேண்டிவரும். ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு உண்டு. நாமினி பெயர் எல்லாக் கணக்கிலும் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்கில் 4 பேர் வரை நாமினி வைக்கலாம்.

செக், வெட்டு, மிரட்டல்

2006-இல் ஜெர்மனியின் பான் நகரில், அப்போதைய உலகச் சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக் 'டீப் ஃப்ரிட்ஸ்' கணினி நிரலுடன் ஆடினார். இரண்டாவது ஆட்டத்தில், ஒரே நகர்த்தலில் விழும் செக்மேட்டைப் பார்க்காமல் தன் ராணியை வேறு பக்கம் நகர்த்திவிட்டார். உலகச் சாம்பியனுக்கே நடக்கும் இந்தத் தவறைத் தடுக்கத்தான் பயிற்சியாளர்கள் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன் மூன்று கேள்வி கேட்கச் சொல்வார்கள். எதிராளி எங்கே செக் வைக்கலாம்? எதை வெட்டலாம்? அடுத்து எதை மிரட்டுகிறான்?

பணத்தில் இதற்கு ஓர் எல்லை வையுங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் போகும் எந்தச் செலவுக்கும், எந்தக் கையெழுத்துக்கும் முன் இந்த மூன்றையும் தாளில் எழுத வேண்டும்.

செக் என்பது தவிர்க்க முடியாமல் கட்டியே ஆக வேண்டியது. அடுத்த 90 நாளில் வரும் பள்ளிக் கட்டணம், பிரீமியம், வண்டி இன்ஷூரன்ஸ், சீட்டுத் தவணை. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஆண்டுதோறும் 'திடீர்ச் செலவு' என்று கடன் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஜூன் ஆண்டுதோறும் வருகிறது.

வெட்டு என்பது இந்த முடிவு தவறினால் என் கையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு போகும் என்பது. நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டால் வெட்டுப்படும் தொகை மொத்தக் கடனும், அதன் வட்டியும். நீங்கள் மனதில் நினைக்கும் ஒரு தவணை மட்டுமல்ல. மிரட்டல் என்பது இதனால் அடுத்து என்ன கதவு திறக்கிறது என்பது. கடன் செயலி உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் கேட்கிறது என்றால், வசூல் எப்படி நடக்கும் என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

இலவசமாகக் கிடக்கும் சிப்பாய்

1972, ரெய்க்யவிக். பாபி ஃபிஷரும் போரிஸ் ஸ்பாஸ்கியும் ஆடிய உலகச் சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டம். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நிலையில் ஃபிஷர் தன் பிஷப்பால் எச்2 கட்டத்துச் சிப்பாயை எடுத்தார். சிப்பாய் கிடைத்தது, பிஷப் உள்ளே மாட்டிக்கொண்டது, ஆட்டம் போனது. சிப்பாயின் மதிப்பு 1, பிஷப்பின் மதிப்பு 3.

யாரும் காவல் காக்காத சிப்பாயைப் பார்த்தால் நல்ல ஆட்டக்காரர் முதலில் கேட்பது, எடுத்த காய் எந்த வழியாகத் திரும்பும் என்பதே. இந்தக் கேள்வியை இப்போது சுற்றிக்கொண்டிருக்கும் 'வாய்ப்பு'கள் மீது போட்டுப் பாருங்கள்.

டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் 150 ரூபாய் தருகிறார்கள். முதல் இரண்டு நாள் உண்மையிலேயே வரும். அதுதான் சிப்பாய். மூன்றாம் நாள் 'பிரீமியம் டாஸ்க்' என்று 5,000 கேட்பார்கள், திரையில் அது 8,000 ஆகக் காட்டும், எடுக்கப் போனால் 'வரி' என்று இன்னும் 10,000. திரும்பும் வழியைச் சோதிப்பது எளிது. போட்ட பணம் முழுவதையும், மேலே ஒரு பைசா கட்டாமல், இன்றே என் வங்கிக் கணக்குக்கு எடுக்க முடியுமா? முடியாதென்றால் அது பொறி. இன்னொன்றும் மனதில் இருக்கட்டும்: பணம் பெறுவதற்கு யுபிஐ பின் போடத் தேவையில்லை. பின் கேட்டால் உங்கள் பணம் வெளியே போகப்போகிறது. மாட்டிக்கொண்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் பல கணக்குகள் தாண்டுவதற்குள் முடக்க முடிந்தால்தான் மீட்க வாய்ப்பு.

ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (பங்குகளின் வருங்கால விலையை வைத்துச் செய்யும் ஒப்பந்தங்கள்) வணிகம் சட்டப்படி நடப்பதுதான், அதனால் பொறி என்று சொல்ல முடியாது. ஆனால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள். இழப்பு மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இதைப் படித்த பிறகும் 'நான் அந்த 7 சதவீதத்தில் இருப்பேன்' என்று தோன்றுமானால், ரேட்டிங்கே (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) இல்லாத ஒருவர் கிராண்ட்மாஸ்டருடன் பணயம் வைத்து ஆட உட்காருகிறார் என்று பொருள்.

சிறிய பொறிகளும் உண்டு. 'நோ காஸ்ட் இஎம்ஐ' எடுத்தால் ரொக்கத்துக்கு உள்ள தள்ளுபடி பல நேரம் கிடைக்காது, செயலாக்கக் கட்டணமும் வட்டிப் பகுதி மீதான ஜிஎஸ்டியும் தனியே சேரும். பதிவு செய்யாத ஏலச்சீட்டில் கூடுதல் கழிவு கிடைக்கலாம். நடத்துபவர் ஓடிவிட்டால் சீட்டுப் பதிவாளரிடம் போய்க் கேட்க எதுவும் இருக்காது. பதிவு செய்த சீட்டில் நடத்துபவரின் கமிஷனுக்குச் சட்டப்படி 7 சதவீதம்தான் உச்சவரம்பு.

காயை மாற்றிக்கொள்ளும் முன்

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகச் சாம்பியன் போட்டி. குகேஷ், டிங் லிரென் இருவரும் 6.5 புள்ளிகளுடன் சமமாக இருக்க, 14-ஆவது ஆட்டம் டிராவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. டிங் 55-ஆவது நகர்த்தலில் யானைக்கு யானை மாற்றிக்கொள்ளும்படி வைத்தார். பார்வைக்குச் சிக்கலைக் குறைக்கும் நகர்த்தல். ஆனால் யானைகள் போன பிறகு பிஷப்புகளையும் கட்டாயமாக மாற்ற வைக்க முடிந்தது. மிஞ்சிய ராஜா-சிப்பாய் ஆட்டம் குகேஷுக்கு வெற்றி. 18 வயதில் உலகச் சாம்பியன்.

மாற்றும்போது வெளியே போகிற காயைப் பார்க்காதீர்கள், பலகையில் மிஞ்சுவதைப் பாருங்கள் என்பது பழைய பாடம். கடனை மாற்றும்போது இதை மறந்துவிடுகிறோம். 2 லட்சம் தனிநபர் கடன், 15 சதவீத வட்டி, இன்னும் 24 மாதம் என்று வையுங்கள். தவணை 9,697. இன்னொரு வங்கி 12 சதவீதத்துக்கு, 60 மாதத் தவணையில் மாற்றித் தருகிறேன் என்கிறது. தவணை 4,449 ஆகக் குறையும். வட்டி விகிதமும் குறைவு, தவணையும் பாதி, வேறென்ன வேண்டும்? பழைய கடனில் இனிக் கட்டவேண்டிய வட்டி சுமார் 32,700. புதியதில் சுமார் 66,900. இரண்டு மடங்கு. அதே 12 சதவீதத்தை 24 மாதத்துக்கே எடுத்தால்தான் லாபம், அதிலும் முன்கூட்டி அடைக்கும் கட்டணத்தையும் புதிய கடனின் செயலாக்கக் கட்டணத்தையும் கழித்த பிறகு.

உடனே செய்யவேண்டிய மாற்றம் ஒன்றும் உண்டு. 7 சதவீத எஃப்டியை வைத்துக்கொண்டே 42 சதவீதக் கார்டு கடனைச் சுமப்பது யானையைக் காப்பாற்ற ராணியைக் கொடுப்பது. எஃப்டியை முன்கூட்டி உடைத்தால் வட்டியில் சுமார் 1 சதவீதம் குறையும், அவ்வளவுதான். நகையை வங்கியில் அடகு வைத்துக் கார்டை அடைப்பதும் கணக்குப்படி சரிதான். அடைத்த கார்டை மறுபடி தேய்த்தால் நகையும் போய்க் கடனும் நிற்கும், ஆகவே கார்டின் வரம்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு இதைச் செய்யுங்கள்.

இணையத்தில் காய் நகர்த்துவது

ஆரம்ப ஆட்டக்காரர்களின் இன்னொரு வியாதி, வாரம் ஒரு ஓப்பனிங்கை (ஆட்டத் தொடக்க நகர்த்தல் வரிசையை) மாற்றுவது. இந்த வாரம் சிசிலியன், அடுத்த வாரம் கிங்ஸ் இண்டியன். எதிலும் ஐந்தாவது நகர்த்தலுக்கு மேல் தெரியாது. யூடியூபில் திங்கள் சமையல், புதன் சினிமா, வெள்ளி பங்குச் சந்தை என்று போடுபவரும் இவரே. ஒரு பார்வையாளர் கூட்டம், ஒரு தலைப்பு, குறைந்தது 30 வீடியோ. அதற்குள் மாற்ற வேண்டாம்.

ஏன் 30? சதுரங்க ரேட்டிங்கில் 400 புள்ளி கூடுதலாக உள்ளவரிடம் எதிர்பார்க்கப்படுவது 100 ஆட்டத்தில் சுமார் 91 புள்ளி. அதாவது மிகப் பலவீனமானவருக்கும் அவ்வப்போது அரைப் புள்ளியோ ஒரு புள்ளியோ விழும். ஒரு வீடியோ ஓடியதையோ படுத்ததையோ வைத்து முடிவெடுப்பது ஓர் ஆட்டத்தை வைத்து ரேட்டிங் கணக்கிடுவது. சொல்லப்போனால் இணையத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு சதுரங்கத்தைவிட மிக அதிகம். பலகையில் எல்லாக் காயும் கண்ணெதிரே இருக்கிறது. யூடியூபின் பரிந்துரை எப்படி ஓடுகிறது என்பதை யாரும் நமக்குக் காட்டுவதில்லை. சதுரங்க ஒப்புமை நொண்டும் இடம் இது. அதனால் முடிவைவிட முடிவெடுத்த விதத்தை மதிப்பிடுங்கள்: முதல் 30 விநாடியில் எத்தனை பேர் நின்றார்கள், படமும் தலைப்பும் பார்த்து எத்தனை பேர் உள்ளே வந்தார்கள். இந்த இரண்டும் யூடியூப் ஸ்டூடியோவிலேயே இருக்கின்றன.

விளம்பரப் பணத்தை மட்டும் எதிர்பார்த்து உட்காராதீர்கள். விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். கூடவே 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை, அல்லது 90 நாளில் ஷார்ட்ஸில் 1 கோடி பார்வை. அதற்குப் பிறகும் ஆட்சென்ஸில் (விளம்பரப் பணம் சேரும் கூகுள் கணக்கு) 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். நேரடிக் கட்டண வகுப்பு முன்பே பலன் தரும். செஸ்ஸோ பத்தாம் வகுப்புக் கணக்கோ, 8 மாணவர்களுக்கு மாதம் 1,200 வீதம் 9,600 ரூபாய். அதற்கு 1,000 சந்தாதாரர் தேவையில்லை, 100 பேர் நம்பினால் போதும். வீடியோக்களை அந்த வகுப்புக்கு ஆள் கொண்டுவரும் சிப்பாய்களாக நினையுங்கள்.

எல்லாக் காயையும் ஒரே பக்கம் குவிக்காதீர்கள். 2020 ஜூன் 29-இல் டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது லட்சக்கணக்கில் பின்தொடர்பவர்கள் வைத்திருந்தவர்களிடம் ஒரு தொலைபேசி எண் பட்டியல்கூட மிஞ்சவில்லை. உங்கள் மாணவர்களின் மின்னஞ்சலும் எண்ணும், அவர்கள் சம்மதத்துடன், உங்கள் கையில் தனியாக இருக்கட்டும்.

இங்கேயும் ராஜா ஒருவர் இருக்கிறார்: உங்கள் சேனலின் உள்நுழைவு. 'விளம்பர ஒப்பந்தம்' என்று கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பு மின்னஞ்சலில் வரும். கடவுச்சொல் போட்டிருப்பதே வைரஸ் தடுப்பு நிரல் உள்ளே பார்க்காமல் இருக்கத்தான். திறந்தால் பிரவுசரில் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் அடையாளத்தைத் திருடிவிடும். இரட்டைச் சரிபார்ப்பு இருந்தும் சேனல் பறிபோவது இதனால்தான், ஏனெனில் திருடன் உள்நுழைய வேண்டிய அவசியமே இல்லை. சேனல் கணக்கின் மின்னஞ்சலை எங்கும் வெளியிடாமல், விளம்பரதாரர்களுக்கு வேறொன்றைக் கொடுங்கள். சேனல் உள்நுழைந்திருக்கும் கணினியில் அறியாதவர் அனுப்பிய எந்தக் கோப்பையும் திறக்காதீர்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடுவதும் ஆபத்துதான். 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமை ஸ்ட்ரைக் (மீறல் எச்சரிக்கை) விழுந்தால் சேனலே போய்விடும்.

கடிகாரம்

இது சுருக்கமான விஷயம். நேரம் தீரும்போது எடுக்கும் முடிவுகள் மோசமாக இருக்கும். மார்ச் கடைசி வாரத்தில் வரி மிச்சம் என்று வாங்கப்படும் பாலிசிகள் அந்த வகை. பழைய வரிமுறையில் இருப்பவர்கள் ஏப்ரலிலேயே திட்டமிடுங்கள். பிபிஎஃப் (அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டம்) கணக்கில் 5-ஆம் தேதிக்குள் பணம் போடுங்கள். அன்று முதல் மாதக் கடைசி வரையிலான மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி, 6-ஆம் தேதி போட்டால் அந்தப் பணத்துக்கு அந்த மாத வட்டி போச்சு. கோட்டை கட்டி முடித்த பிறகு மாதாமாதம் 10,000 முதலீடு செய்கிறீர்கள் என்று வையுங்கள். 15 ஆண்டில் ஆண்டுக்கு 10 சதவீதம் கிடைத்தால் சுமார் 41.4 லட்சம், 9 சதவீதம் என்றால் 37.8 லட்சம். மியூச்சுவல் ஃபண்டில் முகவர் வழியாக வாங்கும் ரெகுலர் திட்டத்துக்கும் நேரடியாக வாங்கும் டைரக்ட் திட்டத்துக்கும் உள்ள செலவு வித்தியாசம் பல ஃபண்டுகளில் இந்த ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது.

ஆட்டத்தாள்

போட்டிகளில் ஒவ்வொரு நகர்த்தலையும் ஆட்டக்காரர் தன் கையால் எழுத வேண்டும், ஆடுவதற்கு முன் எழுதி வைக்கவும் கூடாது. பணத்துக்கும் அப்படி ஒரு தாள் வையுங்கள். ஒவ்வொரு டீச் செலவையும் எழுதும் முறை இரண்டு வாரத்தில் நின்றுவிடும். 500 ரூபாய்க்கு மேற்பட்டதை மட்டும், நடந்த அன்றே எழுதுங்கள். மூன்று நெடுவரிசை போதும்: தேதி-தொகை, அப்போது என்ன நினைத்துச் செய்தேன், எத்தனை நேரம் யோசித்தேன். இரண்டாம் நெடுவரிசைதான் முக்கியம். மாதம் கழித்துப் பார்க்கும்போது நினைவு நமக்குச் சாதகமாகக் கதை கட்டும். எழுதியது கட்டாது.

மாதக் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நல்ல பயிற்சியாளர் மாணவனை எஞ்சினை (சரியான நகர்த்தலைக் காட்டும் கணினி நிரலை) திறக்கவிடாமல் முதலில் அவனையே யோசிக்கச் சொல்வார். அதேபோல செயலிகளின் வரைபடம், நிபுணர் வீடியோ எதையும் பார்க்குமுன் நீங்களே மூன்று நகர்த்தலைக் குறியுங்கள்: மிகப் பெரிய தப்பு, தப்பு செய்தும் அதிர்ஷ்டத்தால் மட்டுமே தப்பித்தது, சரியாகச் செய்தும் பலன் வராதது. மூன்றாவது வகையை மாற்றாதீர்கள். இரண்டாவது வகையைத் தப்பாகவே எழுதுங்கள். முதல் வகைக்கு அடுத்த மாதத்துக்கான ஒரே ஒரு தடுப்பு மட்டும் போடுங்கள், உதாரணமாக ஷாப்பிங் செயலியிலிருந்து கார்டு விவரத்தை நீக்குவது. ஒரே மாதத்தில் ஐந்து தடுப்புப் போட்டால் ஐந்தும் உடையும்.

அந்த ஒரு மணி நேரத்தில் கடைசிப் பத்து நிமிடத்தை, கைவிட வேண்டிய ஆட்டம் ஏதாவது ஓடுகிறதா என்று பார்க்க ஒதுக்குங்கள். பழைய எண்டோமென்ட் (சேமிப்பும் காப்பீடும் கலந்த) பாலிசி இருந்தால் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் இரண்டு எண்ணை எழுத்தில் கேளுங்கள்: இன்று சரண்டர் செய்தால் (இடையிலேயே முடித்துக்கொண்டால்) எவ்வளவு, பிரீமியம் நிறுத்திப் 'பெய்ட்-அப்' ஆக்கினால் முதிர்வில் எவ்வளவு. இதுவரை கட்டிய தொகையை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது ஏற்கெனவே வெட்டுப்பட்ட காய். இனிக் கட்டவேண்டிய பிரீமியம் தரும் வருமானத்தை மட்டும் பிபிஎஃப் வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டேர்ம் பாலிசி கைக்கு வந்து அமலாகும்வரை பழையதைச் சரண்டர் செய்ய வேண்டாம்.